நாலு வேளைக் கோழி

குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. ஒரு வேளைச் சாப்பாடு கெட்டிருந்தால் தொலையட்டும் என்று விடலாம். நாலு வேளை கெட்டுவிட்டது. படையலுக்கு ஒரு கோழிதான். அது நாலு வேளைக்கு வர வேண்டும். அதுவரை வேறு கறி வீட்டுக்குள் வரக் கூடாது, இதில் ஒரு துண்டு வெளியே போகக் கூடாது, ஒரு துண்டு குப்பைக்கும் போகக் கூடாது. என் சம்சாரம் பாவாயி போட்ட சட்டம் இல்லை இது. என் அம்மாவுக்கும் முந்தியது. பாவாயி அதை நடத்தினாள், நாற்பது வருஷம். முதல் நாள் மத்தியானம் கறியும் குழம்பும். ராத்திரி தோசைக்குக் குழம்பு மட்டும், கறி ஆளுக்கு ஒரு துண்டு. மறுநாள் காலை சுண்ட வைத்த குழம்பு, பழைய சோற்றுக்கு. மத்தியானம் எலும்பெல்லாம் ரசத்துக்குள் போகும். வீட்டில் ஆறு பேர் இருந்தபோதும் ஒரு கோழி, மூன்று பேர் இருந்தபோதும் ஒரு கோழி. கோழி நீளும், ஆள்தான் நீளமாட்டான் என்பாள். இன்றைக்கு அவளுக்கே படையல். செத்து ஒரு வருஷம். சமைத்தது நான். படையல் முடிந்துவிட்டது. மகன் பூபதி பஸ் ஸ்டாண்டுக்குக் கார் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், அவன் சின்னம்மாவை அழைத்துவர. வந்ததும் இலை போட வேண்டும். நான் கொல்லையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து சட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டி என்னைப் பார்க்கிறது.

காக்கைதான் முதலில் சொன்னது. படையலுக்கு முன்னால் குழம்பை நாக்கில் வைக்கக் கூடாது. செத்தவர்கள் சாப்பிட்டபின், காக்கை சாப்பிட்டபின்தான் நாம். ஓட்டுமேல் சோறும் குழம்பும் பிசைந்து வைத்தேன். வந்தது. மூன்று வாய் கொத்தியது. பறந்துபோய்த் தொட்டியில் தண்ணீர் குடித்தது. திரும்பி வந்து ஒரு கொத்து. மறுபடி தொட்டி. நாலாவது தடவை தொட்டிக்குப் போனது தொட்டியிலேயே உட்கார்ந்துவிட்டது. அதற்குள் பூபதி போய்விட்டான். நான் சட்டிக்கு வந்து விரலை விட்டு நக்கினேன். கடல். நாக்கு சுருண்டது. ஒரு பிடி உப்பு இப்படிக் காட்டாது. இது இரண்டு பிடி. நான் போட்டது ஒரு பிடி. கல்லுப்பு, என் கையால் ஒரு பிடி, கோழி முக்கால் வெந்தபோது. அது நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருக்கிறதா. இருக்கிறது. ஆவி முகத்தில் அடித்தது, கண்ணாடி மறைத்தது, துடைத்தேன், போட்டேன். அப்படியானால் இன்னொரு பிடி எப்போது. அதுதான் இல்லை. தலைக்குள் தேடினால் அந்த இடத்தில் சுவர் இருக்கிறது.

முதலிலிருந்து வருவோம். எட்டு மணிக்கு அடுப்பு மூட்டினேன். பூபதி கேட்டான், "குக்கர்ல நாலு விசில் விட்டா முடிஞ்சுதுல்லப்பா?" விசில் அடிக்கிற பாத்திரத்தை நான் நம்புவதில்லை. சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவன். பாய்லர் சத்தம் போட்டால் நாங்கள் ஓடுவோம். அதுவும் இது முட்டை விட்டு ஓய்ந்த பெட்டைக்கோழி. மூன்று மணி நேரம் சிறு தீ வேண்டும். அவசரப்பட்டால் கறி ரப்பர். மஞ்சள் தடவினேன். உப்புத் தடவவில்லை, தடவினால் கறி இறுகும். அப்போது போடவில்லை, சரி. எட்டரைக்கு வெங்காயம் வதக்கினேன். அந்தப் பொண்ணு, பூபதியின் சம்சாரம், வந்து நின்று, "நான் கிண்டவா மாமா" என்றாள். "அடுப்புப் பக்கம் வராதே" என்றேன். அவள் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், தூத்துக்குடிப் பக்கம். நம் படையல் அவளுக்குத் தெரியாது. தெரியாமல் நாக்கில் வைத்துவிடுவாள். போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். உரித்து முடித்தும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பதரைக்கு மசாலா அரைத்து ஊற்றினேன். பத்துக்கு விறகு எடுக்கப் போனேன். பத்தே காலா. இல்லை, விறகு அப்புறம். முதலில் வேட்டியில் மசாலா தெறித்து மாற்றப் போனேன். அப்புறம் விறகு. விறகு எடுத்து வந்தபோது உப்பு ஜாடி மூடி தரையில் கிடந்தது. இது நன்றாக நினைவிருக்கிறது. நான் மூடியைத் தரையில் வைக்கமாட்டேன். ஆலையில் ஒரு நட்டைக்கூடத் தரையில் வைத்ததில்லை. மூடியைத் தரையில் பார்த்து, யார் வைத்தது என்று கேட்காமல், எடுத்துத் துடைத்து மூடினேன். அப்புறம் பதினொன்றுக்கு உப்புப் போட்டேன். அப்படியானால் மூடி தரைக்கு வந்தது அதற்கு முன்னால். முன்னாலேயே திறந்திருக்கிறேன். திறந்தவன் போட்டிருக்கிறான். போட்டவன் மறந்திருக்கிறான்.

ஆலையில் என்னோடு வேலை பார்த்த அர்த்தநாரி அண்ணன் இப்படித்தான் ஆரம்பித்தான். முதலில் சாவி. பிறகு குளியல். ஒரு நாளைக்கு நாலு தடவை குளிப்பான், இன்னும் குளிக்கவில்லை என்பான். தலை ஈரமாக இருக்கும், அதைத் தொட்டுக் காட்டினால், மழையா என்பான். ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு நாள் விடியற்காலை ஷிஃப்டுக்கு வந்துவிட்டான். காக்கிச் சட்டை, டிபன் பாக்ஸ், எல்லாம் சரி. டிபன் பாக்ஸில் செங்கல் தூள். கேட்டில் வாட்ச்மேன் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து எனக்கு ஆள் அனுப்பினான். நான் போனேன். "நீ என்ன, பி ஷிஃப்ட்தானே உனக்கு?" என்று என்னைத் திட்டினான். மரியாதையாகச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் கரும்பு வரத்தைப் பற்றிப் பேசினான். எல்லாம் சரியாகப் பேசினான், வருஷம் மட்டும் தப்பு. அவன் பெண்டாட்டியைக் கடைசியில் அக்கா என்று கூப்பிட்டான். எனக்கு எழுபத்துநாலு. அவனுக்கு எழுபத்துமூன்றில் ஆரம்பித்தது. ஒரு வருஷம் தப்பித்தேன் என்று நினைத்திருந்தேன்.

போன மாசம் பால். கேஸில் வைத்துவிட்டு நியூஸ் பேப்பர் எடுத்தேன். யாருக்கும் வரக் கூடியது. புகை வெளியே போய் எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டி, அதோடு நின்றாளா, பூபதிக்குப் போன் போட்டாள். அவன் மெட்ராஸிலிருந்து பேசினான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "அப்பா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு உங்களக் கூட்டிட்டு வந்துருவேன்." பூட்டு வாங்கிவிட்டான் என்று நினைக்கிறேன். நேற்று அவன் பையில் பார்த்தேன், அட்டைப் பெட்டியோடு. கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கேட்கிற சாதி இல்லை, சொல்கிற சாதியும் இல்லை. நடுவில் பாவாயி இருந்தாள், அவள் சொல்வாள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கும், நான் என்ன சொன்னேன் என்று அவனுக்கும். சொல்லாததையும் சேர்த்துச் சொல்வாள். இப்போது ஒரு வருஷமாக லைன் கட். மெட்ராஸில் அவன் வீடு ஆறாவது மாடி. ஒரு தடவை போயிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் இன்னொருத்தன் ஜன்னல். காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் லிஃப்டில் கீழே போய் மேலே வந்தேன். அர்த்தநாரியைப் போல ஆகிறதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

கோழியைக் கொட்டிவிடலாமா. சட்டம் இருக்கிறது, கொட்டக் கூடாது. சட்டம் கிடக்கட்டும், கொட்டினால் ஏன் என்று பூபதி கேட்பான். பூனை தள்ளிவிட்டது என்று சொல்லலாம். சட்டி உடைந்திருக்க வேண்டும், உடைக்க மனசில்லை, அவள் எண்ணெய் ஊற்றிப் பழக்கிய சட்டி. பஜாருக்குப் போய் இன்னொரு கோழி வாங்கினால் மூன்று மணி நேரம். அவர்கள் அரை மணியில் வந்துவிடுவார்கள். ஒத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்று. அவன் ஒன்றும் சொல்லமாட்டான். பையைத் திறப்பான். அந்த அட்டைப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைப்பான். நல்லம்மா வேறு பார்த்துக்கொண்டிருப்பாள். பாவாயியின் தங்கச்சி. அவள் காதில் விழுந்தால் திருச்செங்கோடு வரைக்கும் போகும், மாமனுக்குப் புத்தி பிசகிப்போச்சாம், படையல் சோத்துல கைகையா உப்ப அள்ளிப் போட்டாராம். போகட்டும். நான் பயப்படுகிறேனா. இல்லை. சட்டியை மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன்.

பாவாயி சாப்பிட்டிருப்பாள். இலையில் வைத்ததெல்லாம் அவளுக்குத்தான். கடைசி இரண்டு வருஷம் அவளுக்கு உப்பு கிடையாது. கிட்னி. டாக்டர் சொன்னார், ஒரு கல் கூடக் கூடாது. நான் நடத்தினேன். எதையும் நடத்துகிறவன் நான். உப்பு ஜாடியைப் பரண்மேல் ஏற்றினேன். என் சோற்றிலும் உப்பில்லை, அவளுக்கு ஆசை வரக் கூடாது என்று. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் நினைத்தாள், கிழவன் வெளியே எங்கேயோ நல்லா தின்றுவிட்டு வருகிறான் என்று. ஒரு நாள் கேட்டாள், "ஒரே ஒரு கல்லு. நாக்குல வெச்சுத் துப்பிடறேன்." முடியாது என்றேன். "பாய்லருக்குக்கூட ஆவி விட ஒரு வால்வு வெச்சிருக்கீங்க" என்றாள். நான் பேப்பர் படித்தேன். அவ்வளவுதான் நடந்தது. இன்றைக்கு இலையில் இரண்டு பிடி. தின்று பார் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் கேட்டதை என் தலை தப்பும்போது கொடுத்திருக்கிறேன். தலை நன்றாக இருந்தபோது கொடுக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

உப்பு எப்போதும் என் கை. என் அம்மா படையலுக்குப் பாவாயி எல்லாம் செய்துவிட்டு எனக்காகக் காத்திருப்பாள். ஷிஃப்ட் முடிந்து வந்து, கை கழுவி, ஒரு பிடி. இருபத்திரண்டு வருஷம். ஒரு வருஷம்கூடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை. கையளவு தெரிந்த ஆள் என்றுதான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன். பிரஷர் பார்த்த கை. அதுதான் இன்றைக்கும் போட்டேன். அந்தக் கை ஒரு தடவை போட்டதை மறந்து மறுபடி போட்டதென்றால் அந்தக் கை முடிந்தது. இப்படி நினைக்கும்போதுதான் பின்னால் நிழல் விழுந்தது. அந்தப் பொண்ணு. கையில் படையல் டம்ளரைக் கழுவி வைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், தொட்டிமேல் இருந்த காக்கையைப் பார்த்தாள். "இப்பம் தொடலாமா மாமா? படையல் முடிஞ்சிட்டுல்லா?" தலையாட்டினேன். கரண்டியின் நுனியில் தொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள். முகம் சுளிக்கவில்லை. அவள் அம்மா உப்பளத்தில் உப்பு வாரியவள், அது எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதே தெரியும், அதைச் சொல்லித்தான் நான் இந்தப் பெண் வேண்டாம் என்றேன், அதைப் பாவாயி அவளிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். "ரெண்டு பிடி" என்றாள். நாக்கு பிசகவில்லை. "நீங்க எப்பம் போட்டிய?" பதினொன்று என்றேன். "அப்பம் சரிதான். அவிய பத்தரைக்குப் போட்டாவ." யார் என்றேன். "உங்க மகன்தான். நீங்க வெறகுக்குப் போனியள்லா, அப்பம். ஜாடியத் திறந்து ஒரு பிடி போட்டுட்டு, கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாவ. அத்தை சொல்லியிருக்காவளாம், அவிய படையலுக்கு உப்பு மகன் கையாலதான் விழணும்னு. உங்கட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்தரைக்கு அவன், பதினொன்றுக்கு நான், நடுவில் நாக்கில் வைக்கக் கூடாது. மகன் கை. அப்படியானால் இருபத்திரண்டு வருஷம் பாவாயி எனக்காகக் காத்திருந்தது அளவுக்காக இல்லை. அம்மாவுக்கு நான் மகன், அவ்வளவுதான். வேறு எவனாக இருந்தாலும் அவன் கைக்குக் காத்திருப்பாள். பாய்லர், பிரஷர், கையளவு, எல்லாம் நானே சேர்த்துக்கொண்டது. சிரிப்பு வந்தது. வெளியே வரவில்லை. மூடி தரையில். அவன் சின்ன வயசிலிருந்தே எதையும் தரையில்தான் வைப்பான். அவன் அம்மா கத்துவாள். மூடி தரையில் கிடந்ததும் பூபதி என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அர்த்தநாரிதான் தோன்றினான். "மறதின்னு நெனச்சுப் பயந்துட்டியளோ?" என்றாள். "பயமா? எனக்கா?" என்றேன். "இல்லதான்" என்றாள் அவள், வேறு பக்கம் திரும்பி. "மரத்தடியில உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே இருந்தே. நான் போடறப்பச் சொல்ல வேண்டியதுதானே?" "அடுப்புப் பக்கம் வராதன்னியளே. ரெண்டு பேரும் போடுகது உங்க மொறையோன்னு இருந்துட்டேன்." ஒரு மணிக்கு வருவார்கள் என்றேன்.

புடவையைச் சொருகிக்கொண்டாள். "உப்ப வெளிய எடுக்க முடியாது மாமா. அதக் குடிக்க ஆளக் கூட்டணும்." பேசிக்கொண்டே கை வேலை செய்தது. கறியையெல்லாம் தனியே எடுத்தாள். குழம்பை மூன்றாகப் பிரித்தாள், இரண்டு பங்கை மூடி ஒதுக்கினாள். மீதிப் பங்கில் தண்ணித் தேங்காய்ப்பால், இரண்டாம் பால், அப்புறம் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, ஒன்றிலும் உப்பில்லை. தேங்காய் நான் துருவினேன். துருவச் சொன்னாள், துருவினேன். "தீயக் கொறைங்க. அது நீங்கதான் நல்லா பாப்பிய." குறைத்தேன். "ராத்திரிக்கு அந்தப் பங்குல உப்பில்லாத அரிசி மாவ உருட்டிப் போட்டுருவேன், கொழுக்கட்ட மாரி. அது குடிச்சுக்கிடும். நாளைக்குக் காலம்பற பழையதுக்கு உப்புப் போடாதிய, ஒரு கரண்டிக் குழம்பே உப்பு. எலும்ப ரசத்துல போட்டா அதுக்கும் வேண்டாம்." சுண்ட வைக்க வேண்டாமா என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டது. சுண்டின குழம்புதான் எனக்கு நாலில் பிடித்த வேளை. "சுண்டுனா உப்பு ஏறும் மாமா. இந்த வருசம் கெடயாது." கறாராகச் சொன்னாள். டாக்டர் மாதிரி. என்னை மாதிரி. நாளை ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும்கூட வரும் என்று விரலை மடக்கினாள். நாலு வேளைக் கோழி ஆறு வேளைக் கோழி ஆகிவிட்டது. பாவாயி இருந்தால் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பாள். கொஞ்சம். நாலு வருஷம் ஆகிறது இவள் வந்து. நான் இவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாயில் நுழையாத பேர் என்று சொல்லிக்கொள்வேன். பாய்லருக்கு உதிரி பாகம் இங்கிலாந்திலிருந்து வரும், அந்தப் பேரெல்லாம் நுழைந்தது.

ஒன்றே காலுக்குக் கார் வந்தது. நல்லம்மா இறங்கும்போதே பேச்சு. "ஏனுங் மாமா, சமையலு நீங்களாம்? அக்கா உசுரோட இருக்கையில ஒரு நாளு தண்ணி மோந்து குடிச்சதில்ல. செத்தாத்தான் ஆம்பளைக்கிக் கை வேல செய்யுமாட்டிருக்குது." இலை போட்டோம். பரிமாறினாள் அந்தப் பொண்ணு. நல்லம்மா ஒரு வாய் வைத்தாள், நிறுத்தினாள், இன்னொரு வாய் வைத்தாள். "தேங்காப்பாலு ஊத்தியிருக்குதே, நம்மூட்டுக் கொழம்பாட்ட இல்ல. ஆனா நல்லாத்தான் இருக்குது." அப்புறம் படையல் சாப்பாட்டில் மூத்தவள் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "உப்பு யாரு கையி?" பூபதி நிமிர்ந்தான். "என் கைதான் சின்னம்மா. அம்மா சொல்லியிருந்தாங்க." என்னைப் பார்க்காமல் சொன்னான். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்ததை வாயில் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். "நானும் போட்டேன்" என்றேன். பூபதியின் கை இலையில் நின்றுவிட்டது. நான் போட்டதையும் அவன் போட்டதையும் அவன் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. சின்னப் பையனாகக் கணக்குப் போடும்போதும் உதட்டை இப்படித்தான் கடிப்பான். "எப்பப்பா?" பதினொன்று. "நான் பத்தரை." தெரியும் என்றேன். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லப்பா." "நீ சொன்னயா?" இல்லை என்று தலையாட்டினான். கூடத்து மூலையில் அவன் பை இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தான், நான் பார்ப்பதையும் பார்த்தான், காலால் பின்னால் தள்ளினான். நல்லம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பனும் மகனும் ஆளுக்கொரு பிடி போட்டீங்களா! அட சாமி! வாயத் தொறந்து பேசிப்போட்டா என்னத்தக் கொறஞ்சு போவீங்க? ரெண்டு பிடி போட்ட கொழம்ப மனுசன் வாயில வெக்க முடியுமா? இது எறங்குதே, எப்படி எறங்குது? ஆரு இத நேராக்குனது?" பூபதி வாயைத் திறந்தான். அதற்குள் நான் சொல்லிவிட்டேன், அடுப்படிப் பக்கம் திரும்பி, அவளுக்கும் கேட்கிற மாதிரி.

"எமல்டா."